ஒரு வரிகூட எழுதித் தராத அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

சென்னிமலைக்குப் பக்கத்தில், தறி ஓட்டம் நின்று பல வருடங்களான ஒரு விசைத்தறிக் கூடத்தில் எங்கள் நாடகம் மூன்று இரவுகள் நடந்து முடிந்துவிட்டது. முடிந்ததும் நிறையப் பேர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். நான் பெருந்துறையில் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன். வரவு வந்தால் அது யார் பெயரில் ஏறவேண்டும் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த மூன்று இரவுகளில் என் பெயரில் ஏறிய பாராட்டில் பெரும்பகுதி வேறு பலருடையது. அதைப் பெயர் மாற்றி எழுதத்தான் இந்த மடல்.

நாடகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் ஓர் அப்பா. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் மகன். நொய்யலின் குறுக்கே 1992இல் அந்த அணையைப் பாசனத்துக்காகக் கட்டினார்கள். வந்து தேங்கியது சாயக்கழிவு. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு ஏராளமாகப் போடவேண்டும். அந்த உப்பு ஆற்றோடு வந்து கிணற்றுக்குள் இறங்கித் தென்னையைக் கெடுத்தது. மகன் கொண்டுவரும் சம்பளமும் அப்பாவின் கிணற்றில் ஏறும் உப்பும் ஒரே பட்டறையிலிருந்து வருகின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளோடு நாடகம் முடிகிறது.

எழுதத் தொடங்கியபோது என்னிடம் கோபம் மட்டும்தான் இருந்தது. 112 பக்கம் எழுதினேன். நீதிபதி, வக்கீல்கள், பட்டறை முதலாளி, அதிகாரி, விவசாயச் சங்கத் தலைவர் என்று இருபத்து மூன்று பாத்திரங்கள். முதல் வாசிப்புக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன ஒரு கல்லூரி அன்று காலையில் கைவிரித்துவிட்டது. நண்பர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தோம். நீதிமன்றக் காட்சி வந்தபோது கேட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரில் நான்கு பேர் கைபேசிக்குள் குனிந்துவிட்டார்கள். ஒருவர் தூங்கியே விட்டார். அவர் என் மச்சான். அந்தத் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன்.

கடைசிவரை விழித்திருந்தவர்களில் ஒருவர் கீழே இறங்கும்போது, "பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ தம்பி" என்றார். அவர்தான் அக்கா. பெயர் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. "போட்டால் அடுத்த நாடகத்தோடு என் வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டு, மற்றவர்கள் எழுதிய நாடகங்களைப் படிப்பதிலேயே காலம் கழித்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் செய்யும் வேலைக்கு ஜெர்மன்காரர்கள் 'டிராமதுர்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1767இல் ஹாம்பர்க் நகரத்தில் தேசிய நாடக அரங்கம் ஒன்று தொடங்கியபோது, லெஸ்ஸிங் என்ற நாடகாசிரியரை வேலைக்கு வைத்தார்கள். அங்கே மேடையேறும் நாடகங்களைப் பார்த்து, எது நிற்கிறது, எது சரிகிறது, ஏன் சரிகிறது என்று எழுதுவது அவர் பொறுப்பு. அந்த அரங்கம் சில வருடங்களில் இழுத்து மூடப்பட்டது. வேலை மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றும் ஜெர்மன் அரங்கங்களில் சம்பளத்துக்கு டிராமதுர்க்குகள் இருக்கிறார்கள். நம் பழைய நாடக சபாக்களில் வாத்தியார் உண்டு. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற வாத்தியார் தாமே எழுதுவார், பாட்டுக் கட்டுவார், பையன்களுக்குப் பாடமும் சொல்லித்தருவார். எழுதியவனுக்கும் மேடைக்கும் நடுவே உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்கிற ஆள், டி.கே.எஸ். சகோதரர்கள் 1944இல் நாடக மாநாடு கூட்டிய ஈரோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் குழுவுக்குப் புதிது.

நோட்டீஸில் இதை என்னவென்று போடுவது என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம். 'பிரதி மேற்பார்வை' என்றால் பொதுப்பணித் துறை வாடை அடித்தது. 'டிராமதுர்க்' என்றதும், "டிராமாவுக்கென்று தனியாக ஒரு துர்க்கையா?" என்று எங்கள் கண்டக்டர் அண்ணன் கேட்டார். கடைசியில் 'பிரதித் துணை' என்று அச்சடித்து, பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டோம். அச்சகத்தில் விட்டுப்போய்விட்டது என்று இரண்டு பேர் அக்கறையாக வந்து சொன்னார்கள்.

பிரதியை வாங்கிப்போன மூன்றாவது வாரம் அக்கா கூப்பிட்டார். சிவப்பு மையில் கீறல்களை எதிர்பார்த்துப் போனேன். 112 பக்கத்திலும் ஒரே ஓர் இடத்தில்தான் பென்சில் பட்டிருந்தது. 37ஆம் பக்கம். வேலை விட்டு வந்த மகன் குடத்தில் தண்ணீர் மொள்ளப் போகிறான். அம்மா சொம்பை வாங்கித் தானே மொண்டு கொடுக்கிறாள். அவன் நகக்கண்களில் நீலச் சாயம். அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் நான் எழுதிய குறிப்பு அது. அதைச் சுற்றி மெல்லிய ஒரு வட்டம்.

"நாடகம் இங்கே இருக்கிறது தம்பி. மற்ற 111 பக்கமும் இதைச் சொல்லாமல் இருப்பதற்காக நீ பேசிய பேச்சு" என்றார்.

எனக்கு நல்ல கோபம். அவர் கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் அவிநாசி தாண்டும்வரை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். விஜயமங்கலம் வந்தபோது நீதிபதியை நாடகத்திலிருந்து எடுத்திருந்தேன்.

அதன் பிறகு ஆறு முறை திருத்தி எழுதினேன். ஒருமுறைகூட 'இப்படி மாற்று' என்று அவர் சொன்னதில்லை. தினசரி காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில், எந்த வருடம் எந்தக் காட்சி, அப்போது யாருக்கு என்ன தெரியும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். 1994இல் நடக்கும் காட்சியில் பட்டறை முதலாளி செல்போனில் பேசுவதாக எழுதியிருந்தேன். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலையில்தான் என்று அந்தத் தாள் காட்டிக்கொடுத்தது. இது சின்ன விஷயம். பெரிய விஷயம் 'ங்க'.

எங்கள் பக்கத்தில் மகன் அப்பாவோடு சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் சண்டை போடுவான். 'வேண்டாமுங்க' என்று கத்துவான். எங்கள் காதில் அது விழுவதே இல்லை. தஞ்சாவூர்க் காதில் விழுந்தது. மகன் அப்பாவிடம் பேசும் இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு 'ங்க'வின் கீழும் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கோடு இல்லை. 'உங்க கிணறு' என்று இருக்கவேண்டியது 'உன் கிணறு' என்று இருந்தது.

"இது கைப்பிழையா, அவன் வேண்டுமென்றே சொன்னதா?"

கைப்பிழைதான். ஆனால் அவர் கேட்ட பிறகு அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக முன்னும் பின்னும் இருந்த காட்சிகளை எல்லாம் தளர்த்தினேன். மற்ற இடங்களில் அவன் குரலைத் தாழ்த்தினேன். இரண்டாம் நாள் இரவு அந்த வசனம் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு கணம் நின்று, மேடையைப் பார்த்தபடியே மெதுவாக உட்கார்ந்தார். அந்தப் பெரியவருக்கும் நன்றி. யார் என்று தெரியவில்லை.

முடிவுக் காட்சிக்குத்தான் அதிக நாள் பிடித்தது. தீர்ப்பை வாசிக்காமல் நாடகத்தை எப்படி முடிப்பது என்று நான் அடம் பிடித்தேன். அக்கா மறுத்துப் பேசவில்லை. "தீர்ப்பு வந்த அன்று அந்த வீட்டில் என்ன சமையல்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பதினெட்டுப் பக்கத்துக்குச் சட்டம் எழுதியவனுக்கு அந்த வீட்டுச் சோறு தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைப் பக்கம் போய், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அந்த வீட்டு அம்மா சிரித்துவிட்டார். அரிசிம்பருப்புச் சாதம்தான் என்றார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்: அன்று மகன் மத்தியானமே வந்துவிட்டானாம். பட்டறைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து வெயில் இருக்கும்போது அவன் வீடு வந்து அவர் பார்த்ததில்லையாம். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

பதினெட்டுப் பக்கமும் போயிற்று. இப்போது அந்த இடத்தில் ஓர் அம்மா மகனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். உள்ளே டிவியில் செய்தி ஓடுகிறது. தீர்ப்பு அப்பா கேட்டபடியே வந்திருக்கிறது. அவர் எழுந்து போய் ஒலியைக் குறைக்கிறார். எந்த வசனமும் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் தனி. மூன்றாம் நாள் குடும்பத்தோடு வந்திருந்தார், முடிந்ததும், "சாதம் ஆறிப்போயிருக்கும், மேடையில் வைத்ததை யாராவது சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் விசாரித்தார்.

அக்கா சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாடு விற்கும் காட்சி நாடகத்தை நிறுத்திவைக்கிறது, எடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் விடவில்லை. காங்கேயம் மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பது எங்கள் ஊரில் என்ன என்பதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு மாதம் இதற்காக வாதாடினோம். முதல் நாள் நாடகம் முடிந்ததும் வந்து, "மாடு இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குறைவாக நினைத்து அல்ல, இந்த மடலும் 112 பக்கம் போய்விடக் கூடாது என்பதால். வாடகை வாங்காமல் தறிக்கூடத்தைத் திறந்துவிட்டு, பக்கத்துக் கூடத்துத் தறிகளையும் மூன்று இரவு நிறுத்தச் சொல்லிக் கேட்டு வாங்கித்தந்த அண்ணனுக்கு. கல்யாண வேலைக்கு நடுவே விளக்குகளைக் கொண்டுவந்து கட்டிய சவுண்ட் சர்வீஸ் தம்பிகளுக்கு. விடிய விடிய அண்ணன்மார் கதை பாடும் உடுக்கடிக் கலைஞருக்கு: எட்டு நிமிடப் பாட்டை ஒன்றரை நிமிடமாகக் குறைக்கச் சொல்ல நான் தயங்கி நின்றபோது, "நடுவில் சும்மா இருந்தால்தான் உடுக்கைக்கு மரியாதை" என்று அவரே குறைத்துக்கொண்டார். இரவு டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்து அப்பாவாக நடித்த கண்டக்டர் அண்ணனுக்கு. ஒத்திகை நாட்களில் பதினான்கு பேருக்குச் சந்தகை பிழிந்து அனுப்பிய என் வீட்டுக்காரிக்கும் அவளுடைய அம்மாவுக்கும்.

அடுத்து கோபியிலும் தாராபுரத்திலும் நடத்தக் கேட்டிருக்கிறார்கள். நாள் முடிவானதும் சொல்கிறோம்.

ஒரு தகவல். தரையில் விரிக்க ஊர்க்காரர்கள் கொடுத்த பவானி ஜமக்காளங்களில் இரண்டு இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஒன்று சிவப்பும் பச்சையும், மற்றொன்றில் ஓரத்தில் டீ கொட்டிய கறை. கறை எங்களுடையதுதான். துவைத்துவிட்டோம், முழுதாகப் போகவில்லை. உரியவர்கள் தறிக்கூடத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் யாராவது இருப்போம்.