நீல அலையும் என் தப்புக் கணக்கும்

அன்புள்ள சுந்தரம்,

தை மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். முழங்கால் வலி என்று சொன்னால், முழங்காலாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். வீட்டில் அனைவரும் நலம். சித்தப்பாவின் வழக்கு வழக்கம்போல வாய்தாவில் இருக்கிறது.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன். 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர்க் கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்த இரவில் உன்னைத் தொலைபேசியில் எழுப்பி, நம் வண்டிப் புகையையெல்லாம் இந்த உயிரிகள்தாம் விழுங்குகின்றன என்று பிரசங்கம் செய்தேன் அல்லவா? பேத்தி பள்ளிக்காகக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே ஒழுங்காகப் படித்தேன். அப்படி ஒளிரும் நாக்டிலூகா என்ற ஒருசெல் கடலுயிரிக்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. சில கடல்களில் பச்சைப் பாசியைத் தன் உடலுக்குள் குடிவைத்துக்கொள்ளும் என்றாலும், கரியமில வாயுவை உண்மையில் உள்வாங்கும் டயட்டம்கள் என்ற நுண்பாசிகளைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. நான் மாலை போட்டது காவல்காரனுக்கு அல்ல, திருடனுக்கு!

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. டயட்டம்கள் விழுங்குவதெல்லாம் கடலிலேயே தங்கிவிடுவதில்லை. ஐரோப்பாவின் வட கடலில் வசந்தகாலத்தில் அவை பெருகும்போது, மேல்நீரில் கரைந்துள்ள வாயு குறைந்து, காற்றிலிருந்து மேலும் உள்ளே இறங்குகிறது. வடபகுதி ஆழமானது, கோடையில் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை என்பதால், மடிந்து கீழிறங்கிய உயிரிகளின் கரிமம் அடிநீரில் சேர்ந்து அட்லாண்டிக்குக்குப் போய்விடுகிறது. தென்பகுதியோ பெரும்பாலும் 50 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது, அலையும் ஓதமும் அடிவரை கலக்குகின்றன. ஆகவே மடிந்தவை சிதைந்து வெளிவிடும் வாயு மேலே வந்துவிட, வசந்தத்தில் வாங்கியதில் பெரும்பங்கைக் கோடையிலேயே காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இதை நம்பாத பேத்தி, கடல்நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து மாடியில் வைத்தாள். பத்தாம் நாள் அடியில் பழுப்புப் படலம். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மடிந்ததைப் பாக்டீரியாக்கள் சிதைத்திருந்தன.

நம் வங்கக் கடலின் கணக்கு இன்னும் சிக்கலானது. கங்கையும் கோதாவரியும் கொண்டுவரும் நன்னீர் உப்புநீரின் மேல் மூடியாகப் பரவி, அடியிலுள்ள சத்துகளை மேலே வரவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் அரபிக்கடல் அளவுக்கு இங்கே மிதவை உயிரிகள் செழிப்பதில்லை. ஆற்றுநீர் வந்தால் கடல் கொழிக்கும் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன்!

வரதனிடம் இதை நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் மறுபடியும் மிதிவண்டிக் கதையை ஆரம்பிப்பான்.

அன்புடன்,
ராகவன்