புனிதர் வரலாற்று வகுப்பில் ஓர் உயிலையும் படியுங்கள்

மதிப்புக்குரிய திருச்சபை வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் தமிழில் பாடம் நடத்தும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொடக்க நூற்றாண்டுகளில் புனிதர் வணக்கம் எப்படி வேரூன்றியது என்று சொல்லிக்கொடுக்கும்போது, புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளோடு அந்தக் காலத்து லத்தீன் சொத்துப் பத்திரங்களையும் மாணவர்கள் கையில் கொடுங்கள். உயில், தானப் பத்திரம், கிரயப் பத்திரம், எதுவானாலும் சரி.

ஒரு புனிதரின் வரலாற்றை எழுதியவர் படிப்பவரின் மனதில் பக்தியை வளர்க்க எழுதினார். பத்திரம் எழுதியவருக்கு அந்த எண்ணமே கிடையாது. எந்த நிலம், யாருக்குச் சேரவேண்டும், சாட்சி யார், நாளைக்கு வழக்கு வந்தால் இது நிற்குமா என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு நடுவில் ஒரு புனிதரின் பெயர் வந்தால், அந்தப் பெயருக்கு அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு கோயிலும் அதை மதிக்கும் ஆட்களும் இருந்தார்கள் என்று பொருள்.

இன்றைய பிரான்ஸை ஐந்து முதல் எட்டாம் நூற்றாண்டு வரை ஆண்ட மெரோவிங்கிய அரசர்கள் காலத்தில் பாரிஸ் பக்கம் வாழ்ந்த எர்மின்ட்ரூட் என்ற செல்வப் பெண்மணியின் உயிலைப் பாருங்கள். பாப்பிரஸ் தாளில் எழுதிய அந்த உயில் இன்றும் பாரிஸில் பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தன் பெயர் பொறித்த தங்க மோதிரத்தைப் புனித ஜெர்வாசியுஸ் கோயிலுக்கு எழுதிவைக்கிறார். மகன் தெயோரோவால்டு அடக்கமாகியிருக்கும் புனித சிம்போரியான் கோயிலுக்கு, தான் வழக்கமாக உட்கார்ந்து போகும் வண்டியையும் மாடுகளையும் கொடுக்கிறார். 386-இல் மிலானில் ஆயர் புனித அம்புரோசியார் யாருடைய எலும்புகளைக் கண்டெடுத்தாரோ, அந்த மறைசாட்சி ஜெர்வாசியுஸ் பாரிஸில் ஒரு பெண்ணின் மோதிரத்துக்கு உரியவராகிவிட்டார் என்பதை இந்த உயில் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. அந்த மகனைப் பற்றி வேறு எந்த வரலாற்று ஆசிரியர் எழுதியிருக்கப் போகிறார்?

இன்னொன்று, நான் மிகவும் நேசிக்கும் ஆவணம்: பிரான்ஸில் உள்ள லெ மான் நகரின் ஆயர் பெர்ட்ராம் 616-இல் எழுதிய உயில். மிக நீளமானது. ஊர் ஊராக நிலங்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போகிறது. அவரை இளமையில் வளர்த்தவர் பாரிஸ் ஆயர் ஜெர்மானுஸ். அவர் 576-இல் இறந்தார். நாற்பது ஆண்டு கழித்து பெர்ட்ராம் அவரைத் தன் சொந்தப் பாதுகாவலர் என்றே அழைத்து, அவருடைய திருவுடல் இருக்கும் கோயிலுக்கு ஒரு பண்ணையைத் தருகிறார். சில்பெரிக் மன்னர் கட்டிய புதுக் கோயிலுக்கு அந்த உடலை மாற்றினால் என்ன செய்வது என்றும் யோசித்து, உடல் எங்கே போகிறதோ பண்ணையும் அங்கேயே சேரவேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார். புனிதர்களின் உடல், எலும்பு போன்ற திருப்பண்டங்கள் மீது அந்தத் தலைமுறைக்கு எவ்வளவு பற்று இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மறையுரை சொல்லும்? நேரில் அறிந்த ஒரு மனிதர் புனிதராகிக்கொண்டிருப்பதை நாம் கண்ணெதிரே பார்க்கிறோம்.

ரோமில் புனித பவுல் பேராலயத்துக்குப் திருத்தந்தை பெரிய கிரகோரியார் 604 ஜனவரியில், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு பண்ணையைக் கொடுத்தார். பவுலின் கல்லறையில் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பண்ணை அக்குவே சால்வியே. பவுல் தலை வெட்டுண்டு மறைசாட்சியான இடம் என்று நம்பப்பட்ட அதே இடம். காரணத்தையும் கிரகோரியாரே கடிதத்தில் சொல்கிறார். அதைப் பளிங்கில் வெட்டிவைத்தார்கள். கல் இன்றும் இருக்கிறது.

அப்புறம், கிறிஸ்து தந்தைக் கடவுளுக்குச் சமமானவர் அல்லர் என்ற ஆரியுஸ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றிய கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர். இத்தாலியின் ரவென்னா நகரில் அவர்களுடைய அனஸ்தாசியா கோயில் குருக்கள் 551-இல் 120 பொற்காசு கடனைத் தீர்க்க 180 பொற்காசுக்கு நிலம் விற்ற பத்திரம் கிடைத்திருக்கிறது. சிலர் கோத்திய மொழியிலேயே கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுடைய எதிரிகள் எழுதிய நூல்களை மட்டும் வைத்து அந்தச் சபையின் அன்றாட வாழ்க்கையை நாம் ஒருபோதும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

எல்லாப் பத்திரத்தையும் அப்படியே நம்பச் சொல்லவில்லை. பெர்ட்ராமின் உயில் நமக்குக் கிடைப்பதே ஒன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில்தான். அதில் போலிப் பத்திரங்களும் நிறைய உண்டு. ரெய்ம்ஸ் ஆயர் ரெமிஜியுஸின் உயில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. சிறியதை நம்பலாம், பெரியதில் பிற்காலச் சேர்க்கைகள் அதிகம். இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். போலிப் பத்திரத்தை ஏன் இன்ன புனிதர் பெயரில் தயாரித்தார்கள் என்று கேட்கவும் மாணவர்கள் பழகட்டும்.

இவற்றைத் தமிழில் படிக்க வழி செய்யுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். உங்களில் லத்தீன் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நம் பதிவு அலுவலகப் பத்திரங்களின் நடையும் தெரிந்தவர்கள் நீங்கள். பெர்ட்ராமின் உயில் பெரிய வேலை, அது பிறகு ஆகட்டும். எர்மின்ட்ரூடின் உயிலும் கிரகோரியாரின் கல்வெட்டும் சிறியவை. இந்தக் கல்வியாண்டிலேயே அந்த இரண்டையும் மொழிபெயர்த்து, குறிப்புகளோடு மாணவர்களுக்குக் கொடுக்க முடியும்.

அன்புடன்,
வரலாறு படிக்கும் ஒரு பொதுநிலையினர்