புரூமில் விளக்கு விடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள புரூமில், இறந்தவர்களின் நினைவாக, பௌர்ணமி அன்று அந்திசாயும்போது ரோபக் குடாவில் மிதக்கும் விளக்கு விடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். புரூமில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா எழும் வேளைக்குத் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி வெறும் சேறுதான் கிடக்கும். அந்தச் சேற்றில் நிலவொளி படிக்கட்டாக விழுவதைப் பார்க்கத்தான் ஆட்கள் கூடுகிறார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்தியில் ஏற்றம் இருக்கும். அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்க ஆரம்பித்த பிறகு விடு. ஏறும்போது விட்டால் காலடிக்கே திரும்பிவரும். காற்று கரைப்பக்கம் அடித்தாலும் அதே கதிதான்.

விளக்குக்கு ஒரு சாண் சதுர மரப்பலகை போதும். நான்கு மூலையிலும் குச்சி நட்டு, சுற்றிலும் காகிதம் ஒட்டி, மேலே திறந்து விடு. மூடினால் தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி குட்டையாக இருக்கட்டும். நெட்டையானது முதல் அலையிலேயே கவிழ்த்துவிடும். காகிதத்தில் பெயரை நீரில் கரையாத மையால் எழுது. பிளாஸ்டிக் வேண்டாம். விளக்குகளைத் திரும்ப அள்ளிவரச் சிறுபடகில் ஒருவர் நிற்க வேண்டும், அங்கே ஆமையும் கடற்பசுவும் மேய்கின்றன.

ஆனால் அதற்கு முன்னால் ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. வாகயாமா மாவட்டத்துத் தாய்ஜி போன்ற ஊர்களிலிருந்து முத்துச்சிப்பி எடுக்க வந்து குடியேறியவர்கள் அவர்கள். 707 கல்லறைகள், 919 பேர். 1941இல் போர் மூண்டதும் ஊரிலிருந்த ஜப்பானியரைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். தோட்டத்தை 1983இல் சீரமைத்தார்கள்.

உயர்ந்து நிற்கும் தூண்கல் 1908 புயலில் மூழ்கியவர்களுக்கானது. 1887, 1935 புயல்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 140 பேர் போனார்கள். முன்னது ஏப்ரல், பின்னது மார்ச். கோடைப் புயல்காலம் ஓய்ந்ததென்று பாய்மரப் படகுகள் கடலுக்குப் போகும் மாதங்கள் அவை. உடல் கரைக்கு வராதவர்களுக்குக் கல்லறை ஏது? அதனால்தான் இந்தக் கல்லுக்கு முதலில் போகச் சொல்கிறோம்.

கல்லறைக் கற்களில் பல உள்ளூர்க் கடற்கரைப் பாறை, எளிதில் உதிரும். கம்பிப் பிரஷ்ஷும் சோப்பும் கூடாது. மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் போதும். பிறகு அகப்பையால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்று. சோறு படைத்தால் கிளம்பும்போது எடுத்துவிடு. முன்னோர் ஆவிகளை வரவேற்று வழியனுப்பும் ஜப்பானியப் பண்டிகையான ஓபோன் வழக்கப்படி வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் நந்நான்கு குச்சிக்கால் செருகுவார்கள். வெள்ளரிக் குதிரை ஆவி சீக்கிரம் வர. கத்தரி மாடு அது மெல்லத் திரும்பிப்போக. அவசரப்படுத்தி அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்தச் சிப்பிப் படகுகளில் மலாய்க்காரர்களும் திமோரின் கூபாங்கிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு விளக்கு செய்துகொள். பெயர் கிடைக்காவிட்டால் காகிதத்தை வெறுமையாகவே ஒட்டு.

அன்புடன்
அண்ணன்மார்