ஐப்பசி மழை பார்க்காமல் மனை வாங்காதே, சுசீலா

நாகர்கோவில்
18.6.2025

அன்புள்ள சுசீலா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல். இப்போது கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஓய்வு பெற்றதும் கோயம்புத்தூரை விட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று நீங்கள் யோசிப்பதை வாசித்துக் காட்டினேன். "வரட்டு, இங்க அவளுக்கு என்ன கொறச்சல்" என்றாள். உன் கடிதத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

உள்ளதை உள்ளபடி எழுது என்று கேட்டிருக்கிறாய். புரோக்கர் காட்டிய பத்து சென்ட் மனையையும் போய்ப் பார்த்து வரச் சொல்லியிருந்தாய். மனையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் இவங்களுமாகப் போய்ப் பார்த்தோம். சுசீந்திரம் தாண்டி உள்ளே திரும்பும் அந்த ரோட்டில்தான் இருக்கிறது. வாசலில் கொடி கட்டி, உள்ளே தார் போட்டு, பார்க்க அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மலையடிவாரத்திலிருந்து லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கிய இடம் அது. கடைசி மனைக்கு அப்பால் ஒரு கல் மடை நிற்கிறது. கழுத்து வரை மண்ணுக்குள் போய்விட்டது. மேலே இருக்கிற குறுக்குக் கல்லும், பலகை இறக்கும் வரிப்பள்ளமும் மட்டும் வெளியே தெரிகின்றன. அதற்குப் பக்கத்து ஓடையில் அல்லி இன்னும் துளிர்த்துக்கொண்டிருக்கிறது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கன்னிப்பூ நெல் நாற்று நல்ல பச்சையில் நிற்கிறது. அங்கே மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "அது மடையாக்கும் மக்ளே. இந்தப் பக்கத்து வயக்காட்டுக்கெல்லாம் இதுவழிதான் தண்ணி பாயும்" என்றார். தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்றேன். அரிவாளால் மனைப் பக்கம் காட்டிவிட்டுப் புல்லறுக்கப் போய்விட்டார்.

நம் ஊரில் எனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் தண்ணீர் என்றுதான் சொல்வேன். மனதை அறுப்பது எது என்று கேட்டாலும் அதே தண்ணீரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உங்களுக்குச் சிறுவாணி ஒரு வரம். அந்தத் தண்ணீரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது எனக்கே ஒரு சொம்பு குடிக்க வேண்டும் போலிருந்தது. இங்கே நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு தொடங்கும், ஐப்பசியில் வடகிழக்கு வரும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு இரண்டும் இப்படி நிறைவாகக் கிடைப்பதில்லை. அந்த மழையைப் பிடித்து வைக்க ரெண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள். 1906-ல் திருவிதாங்கூர் அரசு பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது. கட்டிய எஞ்சினீயர் மிஞ்சினின் கல்லறை அங்கேயே இருக்கிறது. அவரை மூக்கன் துரை என்றுதானே அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்! அணைத் தண்ணீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில்நாடு புத்தனார் கால்வாய் என்று பிரிந்து ஓடி, குளத்தில் விழுந்து, அது நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். கடைசியில் மிச்சமெல்லாம் பழையாற்றோடு மணக்குடியில் கடலில் சேரும். இந்தத் தொடரில் ஒரு குளத்தைத் தூர்த்தால் அதற்குக் கீழே உள்ள குளங்கள் காய்கின்றன, மேலே உள்ளவை தெருவுக்குள் வருகின்றன. 2021 நவம்பர் மழையில் ரயில் தண்டவாளத்தில் மண் சரிந்ததும் தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதும் உனக்கும் தெரியும். டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப் போய் போன் பண்ணினாயே. அன்றைக்குத் தண்ணீர் புதிதாக வழி தேடி வரவில்லை. பழைய வழியில்தான் வந்தது. அந்த வழியில் நாம் வீடு கட்டி வைத்திருந்தோம்.

நாம் படிக்கிற காலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இருபக்கமும் நெல்தானே. முதல் போகம் கன்னிப்பூ அறுத்ததும் இரண்டாம் போகம் கும்பப்பூ. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாஞ்சில் நாடு. அந்த வயலில் முதலில் வாழை வைத்தார்கள். வாழை போய்த் தென்னை வந்தது. பிறகு "தண்ணி வரல்ல, வேலைக்கு ஆளில்ல" என்று தரிசாகப் போட்டார்கள். கடைசியில் மனை. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நெல்லுக்குக் கிடைக்கிற விலையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. நாற்கரச் சாலையும் குளங்களுக்கும் வயலுக்கும் நடுவேதான் மண் போட்டு வருகிறது. ரோடு வேண்டும்தான். பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் வந்த பிறகும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. ஆனால் குளத்தின் வயிற்றில் மண்ணைக் கொட்டாமல் ரோடு போட வழியே இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு பெரிய துயரம் கல் லாரி. மலையை உடைத்து டாரஸ் லாரியில் ஏற்றிக் கேரளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்கூல் விடுகிற நேரத்தில் அந்த லாரிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் போகிற தாய்மாரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. மேற்கே நாம் பார்த்து வளர்ந்த குன்றுகள் சிலவற்றில் இப்போது பாதிதான் மிச்சம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

சரி, பிடித்ததைச் சொல்கிறேன். அதையும் சொல்லாமல் விட்டால் நீ வராமலே இருந்துவிடுவாய்.

இப்போது ஆனி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டது. முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றிய வண்ணம் இருக்கின்றன. உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயில் வருகிற அதே காற்றுதான், ஆனால் இங்கே கடலும் பக்கத்தில் இருப்பதால் உடம்பில் படும்போது வேறு மாதிரி இருக்கும். விடிகாலையில் மாடியில் நின்றால் ஒரு பக்கம் வேளிமலை, மறுபக்கம் தாடகை மலை. மேகம் பாதிமலை வரை இறங்கிக் கிடக்கும். இதற்கு நான் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சந்தைக்குப் போனால் மனம் நிறைந்துவிடும். வடசேரி கனகமூலம் சந்தையில் வாழைக்குலைகள் நிற்கிற வரிசையை நினைத்துப் பார்: ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோடன், ரசகதலி, பேயன், மட்டி. நம் மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பழக்கடைக்காரர் தன் வீட்டுப் பிள்ளை பாஸான மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் நீளம், லேசான வளைவு, தாள் போலத் தோல், உரிக்கும் முன்னமே ஒரு மணம். பச்சைப்பிள்ளைக்கு முதலில் ஊட்டுவதும் அதுதானே. கோயம்புத்தூரில் மட்டி கிடைக்கவே இல்லை என்று நீ வருஷா வருஷம் புலம்புவது எனக்கு மறக்கவில்லை.

மீன் இப்போதைக்குக் கொஞ்சம் கிராக்கி. கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் தடைக்காலம் இந்த 14-ம் தேதியோடு முடிந்தது, விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. மேற்கே குளச்சல் பக்கம் ஜூலை கடைசி வரை தடை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் இருப்பதால் ஏதோ ஒரு கரையிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. நேற்று நெத்திலி கிடைத்தது. மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். காய்ச்சலில் கிடந்த அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

தேரூர்க் குளத்துக்கும் போய் வா. சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வேம்பனூர்க் குளமும் அதே வருஷம் சேர்ந்தது. வெளிநாட்டுப் பறவைகள் வருகிற குளம் என்று உலகம் எழுதி வைத்துக்கொண்டதை நாம் தூர்க்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மனுஷர்களைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய். அடுக்ககத்தில் எதிர்வீட்டில் யார் என்றே தெரியாது, ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் எல்லோரும் மரியாதையாக "ஏனுங்க, வாங்க" என்று பேசுகிறார்கள் என்று கோயம்புத்தூரைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே அப்படியே தலைகீழ். "யாருக்க மவ? எந்த எடம்?" என்று கேட்டு மூன்று தலைமுறையைத் தோண்டாமல் விட மாட்டார்கள். அந்தக் கேள்வியில் பாசமும் உண்டு, வேறொன்றும் உண்டு. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பேரைக் கேட்டதும் மதத்தைக் கணக்குப் போடுகிறார்கள். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டார்கள். படித்த ஊர் என்று பெருமை பேசுகிற நாம் இதில் மட்டும் ஏன் படிக்கவே இல்லை? எனக்கு இந்த ஊரில் பிடிக்காதவற்றில் இதுதான் முதலிடம், குளத்தைவிடவும் மேலே.

ஆனால் ஒக்கி புயலடித்த 2017 நவம்பர் 30-ஐ நினைத்துக்கொள்வேன். ரப்பரும் வாழையும் மின்கம்பமும் விழுந்து கரண்டே இல்லாமல் கிடந்தோம். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் எல்லோரும் வரிசையாக மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். சர்ச்சுக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் படம் பேப்பரில் வந்தபோது எங்கள் தெருவே அழுதது. இந்த மனுஷர்களை நம்பித்தான் உன்னை வா என்கிறேன்.

பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு வா. படிக்க வைக்க இங்கே எல்லாம் இருக்கிறது, படித்தவர்களுக்கு வேலை இல்லை. பெங்களூரு, சென்னை, வளைகுடா என்று போய்விடுகிறார்கள். எங்கள் தெருவில் பெரிய பெரிய வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். போன வருஷம் சென்னைக்கு வந்தே பாரத் விட்டதில் அவர்கள் சந்தோஷப்பட்டது, பேரப்பிள்ளைகளை நினைத்துத்தான்.

அதனால் மனை விஷயத்தில் நான் சொல்வது இதுதான். புரோக்கர் "இந்த மாசத்துக்குள்ள அட்வான்ஸ்" என்று அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள். எந்த இடமானாலும் மூலப்பத்திரமும் பழைய அடங்கலும் வாங்கிப் பாருங்கள். நஞ்சை என்று இருந்தாலும், பக்கத்தில் குளம், ஓடை, கால்வாய் என்று எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய வீடு ஒன்றைக் கரைமேட்டில் வாங்கிச் செப்பம் பண்ணிக்கொள்வதே நல்லது என்று இவங்க சொல்கிறாங்க. வடசேரிப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு சென்ட்தான், ஆனால் கிணறு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் கோடையிலும் வற்றாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். 2021 மழையில் வாசல்படி வரைக்கும்கூடத் தண்ணீர் வரவில்லையாம். அதையும் நான் இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டேன்.

ஐப்பசியில் வா. நல்ல மழை இரண்டு நாள் பெய்து முடிந்த மறுநாள் குடையோடு போய் எல்லா இடத்தையும் பார்ப்போம். அண்ணனையும் கூட்டி வா, அவர் கேள்வி கேட்டால்தான் புரோக்கர் உண்மை பேசுவார். கோயம்புத்தூர் ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் கோட்டாறு ஸ்டேஷனில் இறங்கலாம், நான் வந்து நிற்கிறேன். வரும்போது அம்மாவுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் கொஞ்சம் கொண்டு வா, நீ போன தடவை கொடுத்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் மேரி