155ஆம் கட்டையில் கட்டை எங்கே?

அன்பான பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். தரம் 6 பிள்ளைகளின் விவரப் படிவங்களைச் சென்ற வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மகன் முகவரியில் '155ஆம் கட்டை, கிளிநொச்சி' என்று எழுதியிருந்தான். கட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அப்பிடி ஒண்டும் இல்ல சேர், கடையள்தான் இருக்கு" என்றான்.

பிள்ளையில் பிழையில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியோரம் மைலுக்கு ஒரு கல் நின்ற காலத்துப் பெயர் அது. அந்தக் கல்லைத்தான் நம்மவர்கள் கட்டை என்றார்கள். கண்டியிலிருந்து 155ஆவது மைல், ஏறக்குறைய 250 கிலோமீற்றர். மைல் கணக்குப் போய் எவ்வளவோ காலம், பஸ்ஸில் வருகிறவர்கள் இன்றைக்கும் "155இல இறக்கிவிடுங்கோ" என்றுதான் சொல்கிறார்கள்.

உருத்திரபுரத்துப் பிள்ளைகள் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று எழுதுகிறார்கள். அவை இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்குப் பிரித்துவிடும் வாய்க்கால்களின் இலக்கங்கள். இரணை என்றால் இரட்டை. இரணைதீவிலும் அதே சொல்தான். கனகராயன் ஆற்றில் இரண்டு மடுக்கள் கிடந்த இடத்தில் 1902இல் குளம் கட்டத் தொடங்கினார்கள். கரடிப்போக்குச் சந்தியில் இப்போது வாகன நெரிசல். கரடி போய்வந்த காட்டுவழி என்று பெயர் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கிளிநொச்சி என்ற பெயரில் உள்ள நொச்சியைக்கூடப் பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இலையொன்றைக் கசக்கி அந்த மகனின் கையில் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, "அம்மம்மா தடிமனுக்கு ஆவி பிடிக்கிற இலை!" என்றான். எனக்கு அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது.

நாங்கள் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து குடியேறிய பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். பழைய வீட்டையும் வளவில் நின்ற மரத்தையும் கண்டதில்லை. அவர்கள் கையில் அழியாமல் வந்து சேர்ந்தவை இந்தப் பெயர்கள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஒழுங்கை, குளம், வயற்காணி, சந்தி, எதற்கு எப்படிப் பெயர் வந்ததென்று இந்த வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்து களைத்து வருவீர்கள் என்று தெரியும். இராச்சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் போதும். வீட்டில் அப்பு, அம்மம்மா இருந்தால் அவர்களைச் சொல்லவிடுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே பிள்ளை எழுதட்டும், திருத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை கொப்பியைக் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
அதிபர்