ஸ்கேன் அறையில் கடற்கரைப் பேச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளை மொழியை எப்படிக் கையாள்கிறது என்று எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் (வலுவான காந்தத்தால் மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் கருவி) ஆராய்பவர்கள் பாம்பன், தொண்டி மீனவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்களுக்குப் பாடப்புத்தகத் தமிழை ஒலிக்கவிட்டு அளப்பது சரியல்ல. வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுகளுக்குப் பெயர் சொல்லிக் கடலில் புழங்கும் பேச்சையே பதிவுசெய்து கேட்கவைக்க வேண்டும். பழகாத நடைக்கு மூளை கூடுதலாக உழைக்கும். அதை மொழித்திறன் குறைவு என்று எழுதிவிடுவது பெரும் அநியாயம்.

இந்த ஸ்கேன் பார்ப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான். சொல் காதில் விழுந்து 5, 6 நொடி கழித்தே அது உச்சத்துக்கு வரும். அதே பதிவைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியும் கேட்கவைத்து ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் வெறும் சத்தத்துக்கான மாற்றமும் மொழிக் கணக்கில் சேர்ந்துவிடும். தலை 2, 3 மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெடும். வாய்விட்டுப் பேசினால் தாடையோடு தலையும் அசையும். மனசுக்குள் சொல்லச் சொன்னாலோ, சொன்னாரா என்று தெரியாது. கேட்டுப் புரிந்ததற்குப் பொத்தானை அழுத்தச் சொல்வதே நல்லது.

படகுப் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்களின் கண்ணில் இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். காந்தம் அதை இழுத்தால் பார்வையே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுங்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிட வேண்டும்.

மொழியியல், கதிரியக்கத் துறை வாசகர்கள்,
இராமநாதபுரம்.