மொட்டைக் கடிதாசி போல வரும் சிடிகள்

மதுரை,
ஆகஸ்ட் 27, 2011

எங்கள் கடைக்குப் பில்லிங் மென்பொருள் கொடுத்து, வருடா வருடம் ஏஎம்சி என்ற பராமரிப்புக் கட்டணமும் வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தாருக்கு,

ஐயா, வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பேரைப் போடாமல்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அனுப்பும் சிடியிலும் ஒரு விவரமும் போடுவதில்லை என்பதால், அந்தக் கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் உங்கள் மென்பொருளை வைத்துப் பில் போடும் மற்ற பெயிண்ட், ஹார்டுவேர் கடைக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என் மேசை இழுப்பறையில் பழைய முறுக்கு டப்பா ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்தில் நீங்கள் அனுப்பிய பதினொரு சிடிகள் அதில்தான் கிடக்கின்றன. ஏழு சிடிகளில் பேனாவால் ‘அப்டேட்’ என்று எழுதியிருக்கிறது. இரண்டில் ‘நியூ அப்டேட்’. ஒன்றில் ‘லேட்டஸ்ட் ஃபைனல்’. மிச்சமுள்ள ஒன்றில் வெறும் தேதி. அந்த ‘லேட்டஸ்ட் ஃபைனல்’ வந்தது 2009இல். அதற்கப்புறம் ஆறு வந்துவிட்டன.

இதுநாள் வரை இதைச் சிரித்துக்கொண்டே சமாளித்தோம். இந்த ஜூலையோடு சிரிப்பு போய்விட்டது.

ஜூலை 12ஆம் தேதி தமிழ்நாட்டில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி ஏறியது உங்களுக்கும் தெரியும். 4 சதவீதம் 5 ஆனது, 12.5 சதவீதம் 14.5 ஆனது. எங்கள் கடையில் பைப்பு முதல் வகை, பெயிண்ட் இரண்டாவது வகை. மென்பொருளில் வரி விகிதத்தை நாங்களே மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதனால் நாலு நாள் பழையபடி பில் புக்கை எடுத்துக் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதினோம். 16ஆம் தேதி சனிக்கிழமை உங்கள் சர்வீஸ் தம்பி ஒரு சிடியோடு வந்தார், போட்டார், சரியானது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வேலை பார்த்தார்.

அப்புறம் ஆகஸ்ட் 11 காலையில் கூரியரில் இன்னொரு சிடி. கூடவே துண்டுச் சீட்டு ஏதும் இல்லை. சிடியின் மேல் ‘07/08/11’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஆகஸ்ட் 7ஆம் தேதி தயாரித்தது, புதுசு என்று நினைத்தேன். நம் ஊரில் அதை வேறு எப்படிப் படிப்பார்கள்? ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆபீசில் யார் வேலை பார்த்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை, வழக்கமாக வாங்கும் பெயிண்டிங் கான்ட்ராக்டர் ஒருவர் இரண்டு பில்லை மேசையில் வைத்தார். ஒரே பெயிண்ட், ஒரே அளவு. ஒன்று ஆகஸ்ட் 9ஆம் தேதியது, மற்றொன்று 12ஆம் தேதியது. “அண்ணாச்சி, வரியைக் குறைச்சிட்டாங்களா?” என்று கேட்டார். எங்கள் முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சிடியைத் திறந்து உள்ளே இருந்த கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். எல்லாம் ஜூலை 8. உங்கள் கணினியில் தேதி அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது, மாதம் முன்னால், நாள் பின்னால். அதை அப்படியே பார்த்து யாரோ சிடியில் எழுதிவிட்டார்கள். ஆக, வரி ஏறுவதற்கு நாலு நாள் முன்னால் தயாரித்த சிடியை, வரி ஏறி ஒரு மாதம் கழித்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது புதிய விகிதப் பட்டியலை அழித்துப் பழையதை உட்கார வைத்துவிட்டது.

இரண்டு நாளில் விற்ற பெயிண்ட் 1,84,000 ரூபாய்க்கு. நூற்றுக்கு 2 வீதம் குறைந்தது 3,680 ரூபாய். பைப்பு 92,000 ரூபாய்க்கு, அதில் 920. ஆக மொத்தம் 4,600 ரூபாய். வாங்கியவர்களிடம் வசூலிக்கவில்லை என்பதற்காக வணிகவரித் துறை விட்டுவிடாது. செப்டம்பர் 20க்குள் போட வேண்டிய ஆகஸ்ட் மாதக் கணக்கில் அண்ணாச்சி தன் கைக்காசைத்தான் கட்டப்போகிறார். தொகை பெரிதில்லைதான். ஆனால் 63 பில்லையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தியது நான். அதோடு, சரியான ஜூலை சிடியைத் திரும்பப் போடுவதற்காக முறுக்கு டப்பாவைக் கவிழ்த்து, ‘அப்டேட்’ என்ற ஏழு சிடிகளில் எது என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்ததும் நான்தான். எதைச் செருகினாலும் கணினித் திரையில் சிடியின் பேர் ‘நியூ’ என்றே வந்தது. சிடிக்குள் பேர் எழுத, சிடியில் கோப்புகளைப் பதியும் முறைக்கான ஐஎஸ்ஓ 9660 என்ற சர்வதேசத் தரம் 32 எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அதில் மென்பொருளின் பேரும் பதிப்பு எண்ணும் தாராளமாக அடங்கும்.

பதிப்பு எண் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. போன வருடம் பக்கத்துக் கடையில் 4.9 இருந்தது, நீங்கள் 4.10 அனுப்பினீர்கள். அந்தக் கடைப் பையன், இது பழசு என்று ஓரமாக வைத்துவிட்டான். காலையிலிருந்து இரவு வரை ரூபாய் பைசாவில் புழங்குகிறவனுக்கு 4.10 என்றால் நாலு ரூபாய் பத்து பைசா, 4.90ஐவிடக் குறைவு. உங்கள் தொழிலில் ஒன்பதுக்கு அப்புறம் பத்து வரும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

பெரிய நிறுவனங்களும் தப்புச் செய்யும். மைக்ரோசாஃப்ட் 1999இல் விண்டோஸ் என்டி 4க்கு, பிழைத் திருத்தங்களைச் சேர்த்துக் கட்டிய ஆறாவது சர்வீஸ் பேக்கை வெளியிட்டது. அதைப் போட்ட இடங்களில் மின்னஞ்சலுக்கான லோட்டஸ் நோட்ஸ் போன்ற சில மென்பொருள்களுக்கு நெட்வொர்க் இணைப்பு கிடைக்காமல் போனது. அதைத் திரும்பப் பெற்று, சரிசெய்து, நவம்பரில் ‘6ஏ’ என்று விட்டார்கள். கையில் இருப்பது கெட்டதா, திருத்தியதா என்று சொல்ல அந்த ஒற்றை எழுத்து போதுமாக இருந்தது. உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

சிடி உறைமேல் மென்பொருளின் பேர், பதிப்பு எண், தேதி போடுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், ‘8 ஜூலை 2011’ என்று எழுத இரண்டு விநாடி கூடுதலாக ஆகும். எதற்காக அனுப்பியது என்று ஒரு வரி வேண்டும்: வரி மாற்றமா, ஸ்டாக் அறிக்கையில் பிழைத் திருத்தமா? முந்தைய சிடிகளைப் போட்டிருந்தால்தான் இதைப் போட வேண்டுமா, இல்லை இது ஒன்றே போதுமா என்பதையும் சொல்லுங்கள். அப்பளக் கட்டில்கூடத் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கிறது.

பால்பாயிண்ட் பேனாவால் சிடியின் மேல் எழுதுவதைத் தயவுசெய்து விடுங்கள். பளபளக்கும் கீழ்ப்பக்கத்தில்தான் தகவல் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீழே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. தகவல் அடுக்கு இருப்பது நீங்கள் எழுதும் பக்கத்துக்கு வெகு அருகில், மெல்லிய பூச்சுக்கு அடியில். பேனா முனையால் அழுத்தினால் அதுதான் கெடும். பதினொன்றில் ஒன்று இப்போது திறக்கவே மறுக்கிறது. சிடிக்கென்றே மார்க்கர் பேனா விற்கிறது. காகித ஸ்டிக்கரும் வேண்டாம், டிரைவ் வேகமாகச் சுற்றும்போது அது உரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. ஏற்கெனவே புதிய பதிப்பு இருக்கும் கணினியில் பழைய சிடியைப் போட்டால், ‘இது பழசு, போட மாட்டேன்’ என்று உங்கள் மென்பொருளே மறுக்க வேண்டும். இரண்டு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான் அது. ஸ்டாக் இல்லாத சரக்குக்குப் பில் போட்டால் எங்களைத் தடுக்கத் தெரிந்த மென்பொருளுக்கு இது தெரியாமல் போகுமா?

அந்த 4,600 ரூபாயை ஏஎம்சி தொகையில் கழித்துக்கொள்வது பற்றி அண்ணாச்சி உங்களோடு தனியாகப் பேசுவார். அதில் நான் தலையிடவில்லை.

நேற்று கூரியரில் பன்னிரண்டாவது சிடி வந்திருக்கிறது. மேலே ‘அப்டேட்’ என்று எழுதியிருக்கிறது. உறையைக்கூடப் பிரிக்காமல் முறுக்கு டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன். அது என்ன என்று நீங்கள் போன் செய்து சொல்லும்வரை அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
ஹார்டுவேர் கடைக் கணக்கர்